இதயக் காயமும் ஸ்டெம் செல் தரும் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பால் சேதமடைந்த இதயத்தை பிற செல்வகைகளாக மாறும் திறனுள்ள ஸ்டெம் செல்களைக் கொண்டு சீராக்க முடியுமா என்ற கேள்வியோடு தொடங்கிய ஆராய்ச்சி, கடந்த இருபது ஆண்டுகளில் மெல்ல இடம் மாறி, அந்தச் செல்கள் வெளியிடும் நுண்பைகளையும் அவற்றுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளையும் வந்தடைந்திருக்கிறது. இது பற்றிப் பொதுவாசகர்களும் உயிரியல் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

மாரடைப்பில் இறந்த இதயத் தசை ஏன் மீண்டும் வளர்வதில்லை?

இதயத் தமனி அடைபட்டுச் சில மணி நேரம் ரத்தம் கிடைக்காமல் போனால், அந்தத் தமனியை நம்பியிருந்த தசைச் செல்கள் இறந்துவிடுகின்றன. பெரிய மாரடைப்பு ஒன்றில் சுமார் 100 கோடி தசைச் செல்கள் வரை அழியக்கூடும். ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தால் அடைப்பு நீங்கும். ஆனால் ஏற்கெனவே இறந்த செல்கள் திரும்புவதில்லை. அந்த இடத்தில் நார்த்திசு படிந்து தழும்பாகிறது. தழும்பு இதயச் சுவர் கிழியாமல் காக்கிறது என்றாலும் அது சுருங்கி விரியாது.

வளர்ந்த மனிதரின் இதயத் தசைச் செல்கள் அறவே பிரிவதில்லை என்று முன்பு நம்பப்பட்டது. பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14, அக்காலத்தில் பிறந்த செல்களின் டி.என்.ஏ.விலும் பதிந்திருக்கிறது. அதை அளந்து செல்கள் சராசரியாக எப்போது பிறந்தவை என்று கணக்கிட்ட ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வாளர்கள், 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடும் 75 வயதில் 0.45 விழுக்காடும் செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009-இல் அறிவித்தார்கள். இந்த வேகம் மாரடைப்பின் இழப்பை ஈடுகட்டப் போதாது. வரிக்குதிரை மீனோ, இதயத்தின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதங்களில் அதை வளர்த்துக்கொள்கிறது. பிறந்து ஒரு நாளே ஆன சுண்டெலிக்கும் இந்தத் திறன் உண்டு. ஏழு நாள் ஆவதற்குள் அது போய்விடுகிறது.

ஸ்டெம் செல்லை இதயத்தில் செலுத்தினால் அது புதிய தசையாக மாறாதா?

மாறும் என்றுதான் முதலில் சொன்னார்கள். எலும்பு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினால் சுண்டெலியின் அடிபட்ட இதயத்தில் புதிய தசை உருவாகிறது என்று அமெரிக்காவில் பணியாற்றிய பியரோ அன்வெர்சா குழுவினர் 2001-இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பரபரப்பை ஏற்படுத்தியது. 2004-இலேயே வேறு இரண்டு குழுக்கள், தனித்தனியாக, அந்தச் செல்கள் இதயத் தசையாக மாறவில்லை என்று காட்டின. ஆயினும் நோயாளிகளிடம் சோதனைகள் தொடர்ந்து நடந்தன. 2018-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அதனோடு இணைந்த மருத்துவமனையும், அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த 31 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டன. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு படிப்பவருக்கே, இத்துறையில் இன்று வரும் செய்திகளில் எவ்வளவு எச்சரிக்கை தேவை என்பது விளங்கும்.

மனித ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் முன்கூட்டியே இதயத் தசையாக வளர்த்தெடுத்த செல்களின் கதை வேறு. அவை உண்மையிலேயே ஒட்டிக்கொண்டு துடிக்கின்றன. ஆனால் குரங்குகளிடம் செய்த சோதனையில் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்ததும் பதிவாகியிருக்கிறது.

செல்கள் தசையாக மாறவில்லை என்றால், சில சோதனைகளில் இதயம் தேறியது எப்படி?

இந்தக் கேள்விதான் ஆராய்ச்சியின் போக்கையே திருப்பியது. செலுத்தப்பட்ட செல்களில் மிகப் பெரும்பாலானவை சில நாட்களுக்குள் மறைந்துவிடுகின்றன; ஆனாலும் இதயத்தின் இயக்கம் ஓரளவு மேம்படுகிறது. அப்படியானால் செல்கள் எதையோ சுரந்துவிட்டுப் போகின்றன என்று கருத வேண்டியதாயிற்று. விக்டர் ட்ஸாவ் குழுவினர் 2005-இல், எலும்பு மஜ்ஜை போன்ற திசுக்களில் கிடைக்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல்களை விட்டுவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் எலிகளுக்குக் கொடுத்து, அதுவே இதயத் தசையின் சேதத்தைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். அந்தத் திரவத்தில் எது வேலை செய்கிறது என்று தேடிய சிங்கப்பூர் ஆய்வாளர்கள், 2010-இல், எக்சோசோம் எனப்படும் நுண்பைகளைத் தனியே பிரித்தெடுத்து, சுண்டெலிகளில் அதே பலனைக் கண்டார்கள்.

எக்சோசோம் என்பது என்ன? ஆர்.என்.ஏ. அதற்குள் எப்படி வருகிறது?

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் கொழுப்புப் படலத்தால் ஆன மிகச் சிறிய பைகளை வெளியே விடுகின்றன. அவற்றுள் செல்லின் உட்புற அறைகளில் உருவாகி வெளிவரும், சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ளவை எக்சோசோம்கள். ஒரு நுண்பை எந்த வழியில் பிறந்தது என்பதைப் பிரித்தெடுத்த பிறகு நிறுவுவது கடினம் என்பதால், துறை வல்லுநர்கள் செல்வெளி நுண்பை என்ற பொதுப்பெயரையே பரிந்துரைக்கிறார்கள்.

செல்கள் கழிவை வெளியேற்றும் வழி இது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2007-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகர ஆய்வாளர்கள், எக்சோசோம்களுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அதை வேறொரு செல் பெற்றுப் பயன்படுத்த முடிவதையும் காட்டிய பிறகுதான், இது செல்களுக்கிடையே தகவல் போகும் வழியாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ரத்தத்தில் வெறுமனே விடப்பட்ட ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும். படலத்துக்குள் இருக்கும்போது நொதிகளால் அதை எளிதில் தொட முடியாது.

குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

புரதம் கட்டுவதற்கான குறியீட்டைச் சுமக்காத ஆர்.என்.ஏ.க்கள் அனைத்துக்கும் இது பொதுப்பெயர். இதய ஆய்வில் மூன்று வகைகள் அதிகம் பேசப்படுகின்றன. முதலாவது மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்துகளே கொண்ட இது, மரபணுவின் செய்தியைப் புரதம் கட்டும் இடத்துக்குக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.க்களில் தனக்குப் பொருந்துவதோடு ஒட்டி, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது. 1993-இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது, 200 எழுத்துகளுக்கு மேற்பட்ட நீள்வகை ஆர்.என்.ஏ. இவற்றுள் சில மரபணுக்களைத் திறக்கவும் மூடவும் உதவுகின்றன. பிரேவ்ஹார்ட் என்று பெயரிடப்பட்ட ஒன்று இல்லாவிட்டால், சுண்டெலியின் கருநிலை ஸ்டெம் செல்லால் இதயச் செல்லாக உருவெடுக்க முடிவதில்லை என்று 2013-இல் தெரியவந்தது. மூன்றாவது வட்ட ஆர்.என்.ஏ. இதற்கு நுனி இல்லாததால் நுனியிலிருந்து அரிக்கும் நொதிகளுக்குத் தப்பி நெடுநேரம் நிலைக்கிறது. சில வட்ட ஆர்.என்.ஏ.க்கள், மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

காயப்பட்ட இதயத்தில் ஸ்டெம் செல் தரும் ஆர்.என்.ஏ.க்கள் என்னதான் செய்கின்றன?

பெரும்பாலான சோதனைகளில் அவை செய்வது சேதத்தைக் குறைப்பது. அடைபட்ட தமனி திறந்து ரத்தம் பாய்ந்து வரும் அந்த நேரத்திலேயே இன்னொரு சுற்றுச் சேதம் நிகழ்கிறது: ஆக்சிஜனோடு சேர்ந்து வினைமிகு மூலக்கூறுகள் பெருகுகின்றன, அழற்சிச் செல்கள் வந்து குவிகின்றன, உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த தசைச் செல்கள் தாமே தம்மை அழித்துக்கொள்ளும் பாதையில் இறங்குகின்றன. ஸ்டெம் செல்லிலிருந்து வரும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பல, இந்தப் பாதைகளில் ஏதேனும் ஒரு புரதத்தின் உற்பத்தியைத் தணிக்கின்றன. மைஆர்-22 என்பதை எடுத்துக்கொள்வோம் (மைஆர் என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம்). மெசன்கைமல் செல்களைச் சிறிது நேரம் ஆக்சிஜன் குறைவுக்கு உட்படுத்திப் பழக்கிய பின் அவை வெளியிடும் எக்சோசோம்களில் இதன் அளவு கூடுகிறது. எம்ஈசிபி2 என்ற புரதத்தைக் குறைப்பதன் வழியாக இது தசைச் செல்களின் இறப்பைத் தடுக்கிறது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

மைஆர்-146ஏ இதனினும் விரிவாக ஆராயப்பட்ட ஒன்று. லாஸ் ஏஞ்சலீஸின் சீடர்ஸ்-சினாய் மருத்துவ மையத்தில் எடுவார்டோ மார்பான் குழுவினர், இதயத் திசுவிலிருந்தே வளர்த்த ஒருவகைச் செல்களின் எக்சோசோம்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். தழும்பு சிறுத்தது, இதயத்தின் இயக்கம் மேம்பட்டது. செல்கள் எக்சோசோமை வெளியிட முடியாதபடி ஒரு வேதிப்பொருளால் தடுத்தபோது அந்தப் பலன் மறைந்தது. இந்த எக்சோசோம்களில் மைஆர்-146ஏ மிகுந்திருந்தது. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் பாதையில் உள்ள ஐராக்1, டிராஃப்6 என்ற இரு புரதங்களை அது தணிக்கிறது. ஆனால் அந்த ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மட்டும் செயற்கையாகத் தயாரித்துக் கொடுத்தபோது, எக்சோசோம் தந்த நன்மைகளில் ஒரு பகுதியே கிடைத்தது. செய்திச் சுருக்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்தக் கடைசி வரிதான்.

அழற்சிச் செல்களின் குணத்தை மாற்றுவது இன்னொரு வழி. மெசன்கைமல் செல்களின் எக்சோசோமில் உள்ள மைஆர்-182, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களைத் தாக்கும் நிலையிலிருந்து சீராக்கும் நிலைக்குத் திருப்புகிறது என்று சுண்டெலி ஆய்வுகள் சொல்கின்றன. புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதற்கு உதவுவதாக மைஆர்-126, மைஆர்-210 ஆகியவை பேசப்படுகின்றன. நீள்வகையில் எச்19 குறிப்பிடத்தக்கது: கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மருந்தில் ஊறவைத்த மெசன்கைமல் செல்களின் எக்சோசோம்களில் அது கூடுவதும், ரத்தக் குழாய்ச் செல்களுக்கு அது உதவுவதும் 2020-இல் வெளியாயின.

ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நல்லது என்றும் கெட்டது என்றும் சொல்லப்படுவது ஏன்?

அது எந்தச் செல்லுக்குள் போகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுவதால்தான். மைஆர்-21 தசைச் செல்லுக்குள் இருக்கும்போது இறப்பைத் தூண்டும் புரதங்களைக் குறைத்து அச்செல்லைக் காக்கிறது. அதே மைஆர்-21 நார்த்திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லில் பெருகினால், அந்தச் செல்லின் ஆயுளை நீட்டி, இதயம் இறுகிப்போக வழிசெய்கிறது என்று தாமஸ் தும் குழுவினர் 2008-இல் சுண்டெலியில் காட்டினார்கள். எனவே ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை இதயத்துக்கு நல்லது என்று பொதுப்படையாகச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களோடு ஒட்டக்கூடியது என்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது.

சேதத்தைக் குறைப்பதும் தசையை மறுபடி வளர்ப்பதும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இந்தத் துறையைப் பற்றிய குழப்பத்தில் பாதி, இவ்விரண்டையும் பழுதுநீக்கம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் வருவது என்றே கருதுகிறேன். இறக்கவிருந்த செல்லைக் காப்பாற்றினாலும் தழும்பு சிறிதாகும். புதிய செல்லை உருவாக்கினாலும் சிறிதாகும். தழும்பின் அளவை மட்டும் பார்த்தால் எது நடந்தது என்று தெரியாது.

சோதனைக்கூடத்தில் இது எப்படி அளக்கப்படுகிறது என்று பார்த்தால் தெளிவாகும். எலியின் இதயத் தமனியை நூலால் கட்டி, குறித்த நேரம் கழித்து அவிழ்க்கிறார்கள். பிறகு இதயத்தை எடுத்து மெல்லிய வில்லைகளாக அரிந்து, டிடிசி என்ற நிறமற்ற கரைசலில் இட்டு வெதுவெதுப்பாக வைக்கிறார்கள். உயிருள்ள தசையில் உள்ள நொதிகள் அக்கரைசலைச் செங்கல் சிவப்பாக்கும். இறந்த பகுதி வெளிறியே நிற்கும். வெளிறிய பரப்பு குறைந்திருந்தால் மருந்து பலன் தந்தது என்று பொருள். ஆனால் இது காப்பாற்றப்பட்ட தசைக்கான சான்று. புதிய தசை பிறந்தது என்று சொல்ல வேண்டுமானால், செல் பிரிந்ததற்கான தனி அடையாளங்கள் வேண்டும். இதயத் தசைச் செல் டி.என்.ஏ.வை இரட்டித்துவிட்டுப் பிரியாமல் நின்றுவிடும் வழக்கமுடையது என்பதால், டி.என்.ஏ. இரட்டித்ததைக் காட்டுவதும் போதாது.

உண்மையிலேயே செல்களைப் பிரியவைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் மவ்ரோ ஜியாக்கா குழுவினர், மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பெருமளவில் சல்லடை போட்டுத் தேடி, மைஆர்-199ஏ, மைஆர்-590 ஆகியவை எலி, சுண்டெலிக் குட்டிகளின் தசைச் செல்களைப் பிரியவைப்பதை 2012-இல் வெளியிட்டார்கள். இவை ஸ்டெம் செல்லிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அடுத்து நடந்தது அனைவருக்கும் பாடமாயிற்று. 2019-இல் அதே குழு, மாரடைப்பு ஏற்படுத்தப்பட்ட பன்றிகளுக்கு மைஆர்-199ஏ மரபணுவை ஒரு வைரஸ் ஊர்தி வழியாகக் கொடுத்தது. ஒரு மாதத்தில் தழும்பு சிறுத்து, தசை கூடி, இதயம் நன்றாகச் சுருங்கியது. ஆனால் வைரஸ் ஊர்தி அந்த ஆர்.என்.ஏ.வை நிறுத்தாமல் உற்பத்தி செய்துகொண்டே இருந்தது. சிகிச்சை பெற்ற பன்றிகளில் பெரும்பாலானவை, துடிப்பு ஒழுங்கு குலைந்து திடீரென்று இறந்துபோயின. அவற்றின் இதயத்தில் முதிர்ச்சியடையாத செல்கள் கூட்டமாக ஊடுருவியிருந்தது தெரிந்தது. தூண்டிவிடுவது மட்டும் போதாது, உரிய நேரத்தில் நிறுத்தவும் தெரிய வேண்டும். அந்த வகையில், சில நாட்களில் தானே கரைந்துவிடும் செயற்கை நகல்களும் நுண்பைகளும் வைரஸ் ஊர்தியை விடப் பொருத்தமானவையாகத் தோன்றுகின்றன.

எக்சோசோமின் பலன் உண்மையிலேயே அதில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.வால்தான் வருகிறதா?

இத்துறையினர் அதிகம் விரும்பாத கேள்வி இது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-இல் பல மூலங்களிலிருந்து எடுத்த எக்சோசோம்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தார்கள். மிக அதிகமாக இருப்பதாகக் கருதப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் ஒரு பிரதியைக் காணவே, சராசரியாக நூற்றுக்கு மேற்பட்ட எக்சோசோம்களைத் தேட வேண்டியிருந்தது. ஒரு தசைச் செல்லின் நடத்தையை மாற்ற ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கில் தேவைப்படும் என்றால், அத்தனை நுண்பைகளை ஒரு செல் விழுங்கியாக வேண்டும். குறிப்பிட்ட சில நுண்பைகளில் மட்டும் அது செறிந்திருக்கலாம் என்பது ஒரு விடை. புரதங்களும் கொழுப்புகளும் பிற ஆர்.என்.ஏ.க்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது இன்னொன்று. இரண்டாவதற்குச் சான்று கூடுதல் என்பது என் கணிப்பு. மார்பான் குழுவினரே 2017-இல், தங்கள் நுண்பைகளில் மிகுதியாக இருந்த, மைக்ரோ ஆர்.என்.ஏ. அல்லாத ஒய் ஆர்.என்.ஏ. துணுக்கு ஒன்று, விழுங்கு செல்களில் அழற்சி தணிக்கும் ஐஎல்-10 என்ற பொருளைக் கூட்டித் தசையைக் காப்பதாக அறிவித்தார்கள்.

இன்னும் அடிப்படையான எதிர்வாதமும் உண்டு. சின்சினாட்டியில் ஜெஃப்ரி மொல்கென்டின் குழுவினர் 2020-இல், உயிருள்ள ஸ்டெம் செல்களுக்குப் பதிலாக உறையவைத்துக் கொன்ற செல்களையும், ஈஸ்ட்டின் சுவரிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் சுண்டெலி இதயத்தில் செலுத்தி, ஒத்த பலனையே கண்டார்கள். செலுத்தப்பட்ட இடத்தில் கிளம்பும் நோயெதிர்ப்பு விளைவே தழும்பின் தன்மையைச் சீராக்குகிறது என்பது அவர்கள் முடிவு. செல்லைச் செலுத்திய பழைய சோதனைகள் எல்லாவற்றையும் இது பொய்யாக்கிவிடாது. ஆனால் ஒவ்வோர் எக்சோசோம் ஆய்வும் இந்த வாய்ப்பைத் தனியே விலக்கிக் காட்ட வேண்டிய கடமையை ஏற்படுத்திவிட்டது.

செல்லைக் காட்டிலும் நுண்பைகள் மேலானவை என்று சொல்வது ஏன்?

நுண்பை பெருகாது என்பதே முதற்காரணம். ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாகா கண்டறிந்த முறையில் தோல் அல்லது ரத்தச் செல்லிலிருந்து உருவாக்கும், உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய பன்முகத்திறன் ஸ்டெம் செல்லை அப்படியே செலுத்தினால் கட்டி உண்டாகும் ஆபத்து உண்டு. சுண்டெலிகளில் அச்செல்களையும் அவற்றின் நுண்பைகளையும் ஒப்பிட்ட 2018 ஆய்வில், நுண்பைகள் கட்டியை உண்டாக்கவில்லை. இதயத்தைத் தேற்றுவதிலும் முந்தின. அதே ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், அத்தகைய செல்களிலிருந்து வளர்த்த இதயத் தசைச் செல்களின் நுண்பைகளை ஒரு நீர்ம ஜெல் ஒட்டில் அடைத்து எலியின் இதயத்தின் மேல் பொருத்தினார்கள். ஒட்டிலிருந்து நுண்பைகள் மெல்ல மெல்லக் கசிந்தன. துடிப்புக் கோளாறும் குறைந்தது. நுண்பைகளை உறையவைத்துச் சேமிக்கலாம் என்பதும் மருத்துவமனைக்கு வசதி. ஆனால் ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி இருப்பதை உறுதிசெய்வது இன்னும் கடினமான வேலையாகவே இருக்கிறது.

கையில் ஊசி போட்டால் அவை இதயத்தைச் சென்று சேருமா?

மிகச் சிறிய பங்கே சேரும். சிரை வழியாகச் செலுத்திய நுண்பைகளில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் ஆகியவற்றில் தங்கிவிடுகிறது. ஆர்.என்.ஏ. மருந்துகள் முதலில் வெற்றி கண்டது கல்லீரலில் என்பது தற்செயலன்று: ஆண்டுக்கு இரு முறை போடும் இன்கிளிசிரான் ஊசி, கல்லீரல் செல்லுக்குள் சென்று கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. இதயத்துக்கு அத்தகைய நேர்வாசல் இன்னும் அமையவில்லை. அதனால்தான் தமனி வழியாகவோ, தசைக்குள் நேரடியாகவோ, ஒட்டு வைத்தோ கொடுத்துப் பார்க்கிறார்கள்.

மனிதர்களிடம் இது எந்த அளவில் இருக்கிறது?

மிகத் தொடக்க நிலையில். பாரீஸில் பிலிப் மெனாஷே குழுவினர், பன்முகத்திறன் செல்களிலிருந்து வளர்த்த இதய முன்னோடிச் செல்களின் நுண்பை நிறைந்த சுரப்பை, இதயச் செயலிழப்புள்ள ஒரு நோயாளிக்குச் சிரை வழியாகக் கொடுத்த அனுபவத்தை 2024-இல் வெளியிட்டார்கள். பாதுகாப்பைப் பார்ப்பதே அதன் நோக்கம். ஸ்டெம் செல்லோடு தொடர்பில்லாத வழியில், இதயத்தில் தீங்கு செய்யும் மைஆர்-132-ஐ அடக்கும் மருந்து ஒன்று, 28 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டு, உடல் அதைத் தாங்கிக்கொள்கிறது என்று தெரியவந்தது. மாரடைப்புக்கு ஸ்டெம் செல் நுண்பையோ அதன் ஆர்.என்.ஏ.வோ வழக்கமான சிகிச்சையாக எங்கும் ஏற்கப்படவில்லை.

விலங்கு ஆய்வைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். எலிகளுக்குப் பல சோதனைகளில் தமனிக் கட்டை அவிழ்ப்பதற்குச் சற்று முன்போ உடனேயோ கொடுத்துவிடுகிறார்கள். நெஞ்சுவலி தொடங்கிப் பல மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு வரும் மனிதருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அடுத்து, ஸ்டெம் செல் அல்லாத சாதாரணச் செல்களின் நுண்பைகளோடு ஒப்பிட்டார்களா, அல்லது வெறும் உப்புநீரோடு மட்டுமா என்று பாருங்கள். மூன்றாவதாக விலங்கின் வயது. மாரடைப்பு நோயாளிகள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள். சோதனை எலியோ இளமையும் ஆரோக்கியமும் உள்ளது.

சில தனியார் மையங்கள் எக்சோசோம் ஊசி போடுவதாக விளம்பரம் செய்கின்றனவே, போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் எக்சோசோம் என்று விற்கப்பட்ட பொருள்களால் நெப்ராஸ்கா மாநிலத்தில் சிலருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டதை அடுத்து, ஒப்புதல் பெற்ற எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை என்று அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்களின்படி, ஏற்கப்பட்ட ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் ஆராய்ச்சியாகவே நடக்க வேண்டும். இதய நோய் அந்த விதிவிலக்கில் வராது. முறையான ஆராய்ச்சி என்றால் அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவேட்டின் இணையதளத்தில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்; எண் தரத் தயங்கும் இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஏற்கெனவே உண்டுவரும் ஆஸ்பிரின், ஸ்டாட்டின், பீட்டா பிளாக்கர் போன்ற மாத்திரைகளை இத்தகைய ஊசியை நம்பி நிறுத்திவிடவும் கூடாது.